பெயரில்லாத பட்டன்கள்

காலையில், ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே லோகேஸ்வரியின் கணினி வாயை மூடிக்கொண்டது.

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் பாதையை ஒட்டிய அடுக்குமாடி வீடு அவளுடையது. அலுவலகக் கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது தொழில். பள்ளிக்கூட வயதிலேயே ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. திரையில் இருப்பதையெல்லாம் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அவள் கணினியில் வைத்திருந்தாள். அது பேசும் வேகத்தில் மற்றவர்கள் காதுக்கு வண்டு ரீங்காரம் போலத்தான் கேட்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். அந்தக் குரல்தான் நின்றுபோனது.

லோகேஸ்வரி பதறவில்லை. அதுவரை அடித்ததை முதலில் சேமித்தாள். பிறகு ஒலிப்பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். நன்றாகக் கேட்டது. ஸ்பீக்கரில் கோளாறு இல்லை, வாசிக்கிற மென்பொருளுக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது. கணினியோடு கூடவே வந்த இன்னொரு வாசிப்புக் குரல் உண்டு. அவசரத்துக்கு மட்டும் எழுப்புவாள். அதை எழுப்பினாள். அது தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன்."

ஏதோ ஒரு ஜன்னல் திரையின் முன்னால் வந்து நிற்கிறது. அதில் பட்டன்கள் இருக்கின்றன. வாசிக்கிற குரலுக்குத் தெரியும்படி எந்தப் பட்டனுக்கும் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் எதிர்வீட்டு டீனாவுக்கு ஹேண்ட்ஃபோனில் அழைத்தாள். டீனா பிற்பகலில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவள், காலையில் வீட்டில்தான் இருப்பாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"டீனா, ஸ்கிரீன்ல என்ன இருக்குன்னு அப்படியே படிங்க. எதையும் அமுக்காதீங்க."

"ஐயோ, செவப்பா இருக்கு லோகேஸ்! ஆபத்து பிடிபட்டுச்சாம். கீழ பெரிய செவப்பு பட்டன், 'அழி'ன்னு. அமுக்கிடவா?"

"இருங்க. எதைப் பிடிச்சேன்னு சொல்லுது?"

டீனா திரையருகே குனிந்து பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். லோகேஸ்வரி சிரித்துவிட்டாள்.

"அது வைரஸ் இல்ல. எனக்கு இத்தனை வருஷமா வாசிச்சுக் காட்டுறதே அதுதான்."

"பின்ன ஏன் பிடிக்குது?"

"நான் தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் அது பக்கத்துலயே இருந்து கவனிக்கும். பாஸ்வேர்ட் திருடுற புரோகிராமும் அப்படித்தான் செய்யும். காவலுக்கு வந்தவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல."

காவலுக்கு யார் வந்தது என்று பார்த்தால், ஜன்னலின் மேலே இருந்ததாக டீனா படித்துச் சொன்ன வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெயர் லோகேஸ்வரிக்குப் புதிது. உடனே கணவன் நாகையாவை அழைத்தாள். அவன் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான்.

"ஆமா, நேத்து சாயங்காலம் நான்தான் போட்டேன்," என்றான் அவன். "நீ குளிக்கப் போன நேரம். எங்க ஆபீஸ் ராதாகிருஷ்ணன் வீட்டு கம்ப்யூட்டர்ல எவனோ பூந்து எல்லாத்தையும் பூட்டிட்டான். மக கல்யாண போட்டோ ஒன்னுகூட மிஞ்சல. உன் வேலையெல்லாம் அதுல இருக்கே, பயந்துட்டேன். ஏன், என்னாச்சு?"

"ஒன்னுமில்ல. சாயங்காலம் பேசலாம்."

டீனாவாக இருந்தால் அந்த இடத்திலேயே கணவனை நாலு வார்த்தை கேட்டிருப்பாள். லோகேஸ்வரி போனை வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"பிடிச்சத வெளிய விட்டுடலாம்ல?" என்றாள் டீனா.

"விடலாம். ஆனா, ஒருவேளை அது சொல்றது நிஜமா இருந்தா? என் புரோகிராமுக்குள்ள எவனாவது கைய வெச்சிருந்தா? அதையும் பார்த்துடணும்."

வாசிப்பு மென்பொருளைச் செய்தவர்களின் இணைய முகவரியைத் தானே தட்டி, அங்கிருந்து புதிய பிரதி ஒன்றை இறக்கினாள். மெதுவான குரலின் துணையோடு, ஒவ்வொரு அடியாக. இறங்கி முடிந்ததும் சிவப்பு ஜன்னல் மறுபடி குதித்தது.

"இதையும் பிடிச்சிடுச்சு!" என்றாள் டீனா.

"நல்லது. செஞ்சவங்ககிட்டேருந்து நேரா வந்ததையே பிடிக்குதுன்னா, கோளாறு பிடிக்கிறதுலதான். இப்ப அந்தக் காவலையே நிம்மதியா எடுத்துடலாம்."

எடுப்பதற்கு முன், பிடிபட்டதை வெளியே விடும் பட்டனை டீனாவை அமுக்கச் சொல்லிவிட்டு, சுவரோரம் தடவிப் போய் இணையக் கம்பியைக் கழற்றினாள். காவல் இல்லாத நேரத்தில் கதவும் திறந்திருக்க வேண்டாம் என்றாள். பாதுகாப்பில்லாமல் இருக்கப் போகிறீர்களா என்று அந்த மென்பொருள் பெரிய எழுத்தில் மிரட்டியபோது டீனா அதைச் சத்தமாகப் படித்தாள். "ஆமான்னு சொல்லுங்க," என்றாள் லோகேஸ்வரி, இடியாப்பத்துக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

கணினி அணைந்து மீண்டும் எழுந்தது. வண்டின் ரீங்காரம் அறையை நிறைத்தது. அந்தக் குரலைக் கேட்டுத் தனக்கு ஏன் கண் கலங்குகிறது என்று டீனாவுக்குப் புரியவில்லை. கணினியின் சொந்தக் காவல், வெளியாள் போனதும் தானாகவே விழித்துக்கொண்டிருந்தது. அதை உறுதி செய்த பிறகுதான் லோகேஸ்வரி கம்பியை மாட்டினாள். மதியத்துக்குள் வேலையை முடித்து அனுப்பியும்விட்டாள்.

சாயங்காலம் நடந்ததை அறிந்த நாகையா தன் பயத்தால் வந்த வினை என்று நொந்துகொண்டானாம்.

"நீங்க பயந்ததுல தப்பே இல்ல," என்று அவள் சொல்லியிருக்கிறாள். "காவல் வேணும்தான். எது வேணும்னு ஞாயித்துக்கிழமை சேர்ந்து பார்ப்போம்."

ஞாயிற்றுக்கிழமை டீனா சர்ச் முடிந்து நேராக அங்கே போனாள். நாகையா மேசைமுன் உட்கார்ந்திருந்தான். தனக்குத் தெரிந்தவர்கள் நல்லதென்று சொன்ன இரண்டு காவல் மென்பொருள்களை லோகேஸ்வரி சோதனைக்கு எடுத்திருந்தாள்.

"ஒவ்வொன்னாதான் போடணும்," என்றாள். "ரெண்டும் ஒரே வீட்டுல இருந்தா ஒன்னை ஒன்னு சந்தேகப்படும். அப்புறம், என்னங்க, ஸ்கிரீன அணைச்சிடுங்க."

"அணைச்சிட்டா எப்படிப் பார்க்கிறது?"

"நான் எப்படிப் பார்க்கிறேனோ அப்படி."

நாகையா திரையை அணைத்தான். அவனுக்காக அவள் குரலின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். அப்படியும் அவன் முதல் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தைத் தேடி வழி தவறி, நுழைந்த இடத்திலேயே மறுபடி வந்து நின்றான். கை தானாக மவுஸைத் தேடியது.

"தினமும் இப்படியா லோகேஸ்?" என்றான்.

"பழகிட்டா வீட்டுக்குள்ள நடக்கிற மாதிரிதான். நாற்காலிய மட்டும் யாரும் இடம் மாத்தக் கூடாது."

முதல் மென்பொருளின் பட்டன்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. ஆனால் 'இன்னும் பெரிய காவல் வாங்குங்கள்' என்று அடிக்கடி குறுக்கே வந்து அவள் கேட்டுக்கொண்டிருந்ததை வெட்டியது. இரண்டாவது மரியாதையானது, சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னது. ஆனால் அவளுடைய பழைய கணினி அதைச் சுமக்க முடியாமல் திணறியது, வாசிக்கும் குரல் திக்கியது. இரண்டையும் எடுத்துவிட்டு, கணினியின் சொந்தக் காவலையே கடைசியாகச் சோதித்தாள். சோதனைக்கென்றே செய்யப்பட்ட, ஆபத்தில்லாத கோப்பு ஒன்று உண்டு. ஒழுங்கான எந்தக் காவலும் அதைப் பிடித்தாக வேண்டும். அவள் அதை இறக்கிய மறுநொடி, எதைப் பிடித்தது, என்ன செய்தது என்று தெளிவாகக் குரலில் வந்தது.

"எனக்கு இது போதும்," என்றாள். "வேற ஆளுக்கு வேற பொருந்தலாம்."

"ராதாகிருஷ்ணனுக்கு நடந்தது நமக்கும் நடந்தா?" நாகையாவின் பயம் இன்னும் போகவில்லை.

"அதுக்கு எந்தக் காவலும் முழு உத்தரவாதம் தராதுங்க. எல்லாத்தையும் தனி டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து, உடனே கழட்டி வெச்சிடணும். கழட்டி வெச்சத எவனும் பூட்ட முடியாது. அது இனிமே உங்க வேலை. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

நாகையா அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டபோது இருந்த முகத்தை டீனா வெகுநாள் நினைத்துச் சிரித்தாள். யாரோ பதவி கொடுத்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

டீனா அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். லோகேஸ்வரியோ, தன் குரலைப் பிடித்துப் பூட்டிய அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். கோபமாக ஒரு சொல் இல்லை. என்ன நடந்தது, ஏன் நடந்திருக்கும், எந்த ஜன்னலில் எந்த பட்டனுக்குப் பெயரில்லை என்று வரிசையாக எழுதினாள். சில வாரம் கழித்து அங்கே வேலை செய்யும் ரிஷி என்பவர் பதில் போட்டார். வாசிப்பு மென்பொருளை இனி பிடிக்காது, பட்டன்களுக்குப் பெயர் வைத்துவிட்டோம், அடுத்த பதிப்பை வெளியிடுமுன் நீங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க முடியுமா என்று.

டீனா அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "முகம் தெரியாத எத்தனை பேருக்கு நீங்க வழி திறந்துவிட்டிருக்கீங்க, லோகேஸ்!"

"எனக்கு வழி வேணும்னு கேட்டேன்," என்றாள் அவள். "அவங்களும் வந்துட்டுப் போகட்டும்."

செய்தி எப்படிப் பரவியதோ, அந்த மாதக் கடைசியில் கிள்ளானிலிருந்து லெஸ்லி அழைத்தார். லோகேஸ்வரியோடு பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர். அவருடைய கணினியும் பேச மாட்டேன் என்கிறதாம். சனிக்கிழமை லோகேஸ்வரி, நாகையா, டீனா மூவரும் கேடிஎம் ரயிலில் போனார்கள். லெஸ்லியின் மனைவி சாந்தமேரி அடுப்பில் மீன் குழம்பை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து அழைத்துப் போனாள்.

லோகேஸ்வரி நாற்காலியில் அமர்ந்து, விசைப்பலகைமேல் விரல்களை வைத்துக்கொண்டு கேட்டாள்: "லெஸ்லி, கடைசியா இதுல புதுசா என்ன போட்டீங்க?"

"நான் ஒன்னும் போடல லா. சாந்தமேரிதான், நல்லதுன்னு சொல்லி ஏதோ..."

சாந்தமேரியின் கை முந்தானையைப் பற்றியது. நாகையா அவசரமாக முன்னால் வந்து நின்றான்.

"அக்காவ ஒன்னும் சொல்லாதீங்க அண்ணே," என்றான். "பயத்துல செய்யறதுதான். என் பொண்டாட்டி பார்த்துக்குவா."