பதிமூன்றாவது கட்டம்

திரையில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டம் என்றால் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை, பார்க்க லட்சணமாக இருக்குமாம். பதிமூன்றாவது கட்டம் கீழே ஒண்டியாகத் தொங்குகிறதாம். யாரெத்துக்கு நேற்றிலிருந்து இதே பாட்டு.

"அஞ்சு நாளுக்கு ஒரு மாசமா ஹிருத்தக்கா? சம்பளமே கிடையாத மாசம். ஆபீசே மதிக்கல, நாம எதுக்கு மதிக்கணும்?"

அடிஸ் அபாபாவில் அந்த நாலாவது மாடி அறையில் ஹிருத்தும் யாரெத்தும் எட்டு மாதமாக ஒரு மென்பொருள் லைப்ரரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்ட்ராய்டு போனுக்குச் செயலி எழுதுகிற எவரும் பதிமூன்று மாத எத்தியோப்பிய நாள்காட்டிக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாமல் இதை எடுத்து அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். தடுப்பூசிச் செயலி ஒன்று ஏற்கெனவே காத்திருந்தது. மாலைக்குள் வெளியிட்டாக வேண்டும்.

"இந்தக் குட்டி மாசம் பாகுமேயை முந்தின மாசத்தோட வால்ல கட்டிடறேன். யாரு கேக்கப்போறா?"

"நான் கேப்பேன். அது தனி மாசம்டா. நாலு வருஷத்துக்கு ஒருக்கா, லூக்கா வருஷத்துல, ஆறு நாள் வேற."

"ஏன்க்கா இவ்வளவு பிடிவாதம்?"

அதை அவள் அவனிடம் சொன்னதில்லை. போன லூக்கா வருஷம், பாகுமே முதல் தேதி, அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். ஆறாம் தேதி போய்விட்டாள். மறுநாள் புத்தாண்டு, ஊரெல்லாம் மஞ்சள் பூ. பெண் குழந்தைக்கு எண்பதாம் நாள்தான் ஞானஸ்நானம். எண்பதுக்கு அவள் எங்கே போவாள்? தேவாலயத்து ஏட்டில் பெயர் ஏறவில்லை. மூன்றாம் தேதி ரஃபேல் திருநாள், அன்று பெய்கிற மழை புனித நீர் என்பார்கள்; அது பெய்தபோது ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே ஹிருத் கையை நீட்டி நனைத்து, அந்த ஈரத்தைப் பிள்ளையின் நெற்றியில் தடவினாள். கிடைத்தது அவ்வளவுதான். அந்தப் பிள்ளையின் முழு ஆயுசும் அந்தக் குட்டி மாதத்துக்குள் அடங்கிவிட்டது. மாதம் போனால் அவளும் போனாள்.

லைப்ரரி ஒழுங்காகக் கணக்குப் போடுகிறதா என்று பார்க்க நூற்றுச் சொச்சம் சோதனைகள் எழுதியிருந்தார்கள். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஏழாவது சோதனையில் அந்த இரண்டு தேதிகளையும் சத்தமில்லாமல் வைத்திருந்தாள் ஹிருத்.

அவள் காபி குடித்துவிட்டு வருவதற்குள் யாரெத் கைவரிசையைக் காட்டிவிட்டான். படுபாவி, பதிமூன்றாம் மாதத்தையே தூக்கிவிட்டு, மற்றச் சோதனைகளையெல்லாம் அதற்கேற்ப மாற்றி ஓட்டியிருந்தான். திரை முழுக்கப் பச்சை. ஏழாவது மட்டும் சிவப்பு.

'பிறந்த தேதி: அப்படி ஒரு நாள் இல்லை. இறந்த தேதி: அப்படி ஒரு நாள் இல்லை.'

"யாருக்கா இதை எழுதினது? ஆறே நாள் உசுரோட இருந்த ஆளாம்! இப்படி எவனாவது இருப்பானா? அழிச்சிடறேன்."

"அழிக்காதே யாரெத். அது என் பொண்ணு."

அவன் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. மெதுவாக, "பாப்பா பேரு என்னக்கா?" என்று கேட்டான்.

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாருமே அதைக் கேட்டதில்லை. "ஜெனெபெச்" என்றாள். மழையாய்ப் பெய்தவள். ரஃபேல் மழையன்று மனசுக்குள் வைத்த பெயர். வாய்விட்டுச் சொன்னதும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அழுதாள். அவன் காகிதத் துண்டை நீட்டினான், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

பிறகு அவன் அழித்ததையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தான். பதிமூன்றாவது கட்டத்தைத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அகலமாக இழுத்துவிட்டான். இப்போது அது தொங்கவில்லை. 'சோதனை ஏழு' என்ற தலைப்பை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயரைத் தட்டினான். ஓட்டினான்.

'ஜெனெபெச்: ஆறு நாள். சரி.' பச்சை.

"நாளைக்கு எந்த ஊர்க்காரன் இதுல கை வெச்சாலும் சரிக்கா," என்றான் யாரெத், "உங்க பொண்ணு சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும்."

ஹிருத் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெளியிடும் பொத்தானை அவளே அழுத்தினாள்.