வீட்டில் எத்தனை பேர்

ஆர்கிரிஸ் அந்த வீட்டைவிட்டு இரண்டாம் முறை போனபோது லெமோனியாவே அவனுக்குப் பை கட்டிக் கொடுத்தாள். முதல் முறை போனது ஆறு வருடத்துக்கு முன்னால், விவாகரத்து ஆன கையோடு. அன்றைக்கு அவள் பையைக் கட்டவில்லை. மாடிப்படியிலிருந்து வீசினாள்.

இடையில் பெராமா துறைமுகத்தின் கப்பல் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கிப்போயின. வெல்டருக்கு மாதத்தில் இருபது நாள் இருந்த வேலை இரண்டு நாளானது, பிறகு அதுவும் இல்லை. ஆர்கிரிஸ் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஒரு டிசம்பர் மழையில் வந்து வாசலில் நின்றான். "ஒரு வாரம்" என்றான். அது நடந்து இரண்டு வருடம். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் படுத்துக்கொண்டான். அவள் வேலை பார்த்த தையல் ஆலையும் பூட்டிக்கொண்டது. திரும்பச் சேர்ந்துவிட்டீர்களா என்று யாராவது கேட்டால், "கூரை ஒழுகுது, ஏணி பிடிக்க ஒரு ஆள் வேணும்" என்பாள் லெமோனியா.

ஒன்றும் இல்லாத குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் போடுகிறது என்று வந்ததும் எல்லோரையும் போல அவளும் நகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றாள். விதி எளிமையானது: ஒரு கூரைக்கு ஒரு விண்ணப்பம். தனி ஆளாக இருந்தால் இருநூறு யூரோ, கூட ஒரு பெரிய ஆள் இருந்தால் முந்நூறு. முந்நூறே கேட்டிருப்பாள். ஆனால் ஆர்கிரிஸ் பெயரில் ஆந்த்ரோஸ் தீவில் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்குக் கூரை இல்லை, கூடத்தில் அத்திமரம் முளைத்திருந்தது, ஆடுகள் படுத்திருந்தன. காகிதத்தில் மட்டும் அது வீடாக இருந்தது. அவனைச் சேர்த்தால் அந்த வீடும் கூடவே வரும், சொத்து வரம்பு தாண்டும், இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அதனால் தனி ஆள் என்று எழுதிக் கொடுத்தாள். ஆர்கிரிஸ் தன் பழைய கூட்டாளி லூக்காஸின் பட்டறையில் தங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்தான். நவம்பர் பதினைந்துக்குள் பணம் வரவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். கடைசி அறிவிப்பு குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது.

பிறகு நகராட்சியிலிருந்து தொலைபேசி வந்தது. இந்த வாரம் ஒரு நாள் வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள், எந்த நாள் என்று சொல்ல முடியாது.

"செருப்பு" என்றாள் லெமோனியா, சாக்கைப் பிடித்துக்கொண்டு.

"போட்டாச்சு."

"சவர பிரஷ்ஷு. அந்தச் சாம்பல் கிண்ணம். தலையணை."

"தலையணை எதுக்கு? அதுல என் பேரா எழுதியிருக்கு?"

"மோந்து பாருய்யா. எழுதியிருக்குறது தெரியும்."

அவன் சிரித்துக்கொண்டே தலையணையைச் சாக்கில் திணித்தான். பிறகு அந்தச் சாக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, துணிப்பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டான். "அங்க பாய் இருக்கு. ஒரு வாரம்தானே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

எதிர் வீட்டு ஸ்தமாத்தாவிடம் மட்டும் லெமோனியா விஷயத்தைச் சொல்லி வைத்தாள். யார் கேட்டாலும் ஆர்கிரிஸ் இங்கே இல்லை.

"கல்லறைடி நான்" என்றாள் ஸ்தமாத்தா. "வாயே திறக்காது."

வீட்டைப் பார்க்க மிர்த்தோ என்ற பெண் நவம்பர் ஒன்றாம் தேதி மாலை ஐந்து மணிக்கு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். லெமோனியா அதை வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டு உட்காரச் சொன்னாள்.

"வீட்ல எத்தனை பேர்மா?"

"நான் ஒருத்திதான்."

"வேற யாராவது வந்து தங்குறது உண்டா?"

"யார் வருவா? பூனை வரும்."

மிர்த்தோ எழுதினாள். எழுதும்போதே அவள் கண் மேசைமேல் போனது. அங்கே ஒரு தாம்பாளத்தில் சின்னக் கண்ணாடித் தட்டுகள் பன்னிரண்டு துடைத்து அடுக்கியிருந்தன. பக்கத்தில் பன்னிரண்டு கரண்டி, ஒரு ஜாடி நிறையச் சீமைமாதுளம் பாகு. லெமோனியாவும் அப்போதுதான் அதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பழத்தைச் சீவிப் பாகு காய்ச்சியதும் அவள்தான். காலையில் தட்டுகளை இறக்கித் துடைத்ததும் அவள்தான். முப்பது வருடமாக அக்டோபர் கடைசியில் கை தானாகச் செய்துகொண்டிருந்த வேலை. எதற்கென்று தலை கேட்டதே இல்லை.

மணி அடித்தது.

ஸ்தமாத்தா ரவை அல்வாத் தட்டோடு நின்றாள். புதுச் சட்டை, உதட்டுச் சாயம். "நூறு வருஷம் இருக்கணும்" என்று உள்ளே நுழைந்தாள். "எங்க நம்ம பேர் நாள்காரரு?"

அவளைக் குறை சொல்ல முடியாது. அதிகாரி வந்து கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒரு விஷயம். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த இரண்டு புனிதர்களின் நாளில், அவர்கள் நினைவாக ஆர்கிரிஸ் என்று பெயர் வைத்தவனை வாழ்த்த அவன் வீட்டுக்குப் போவது வேறு விஷயம். அதற்கு யாரும் அழைப்பதில்லை, யாரும் அழைப்பை எதிர்பார்ப்பதும் இல்லை. கதவு திறந்திருக்கும், போவார்கள். வர வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். லெமோனியா சொல்லவில்லை. இன்று என்ன நாள் என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

ஸ்தமாத்தா மிர்த்தோவையும் அவள் மடியில் இருந்த கோப்புக் காகிதங்களையும் பார்த்தாள். "அவரு இங்க இல்ல" என்றாள் உடனே. "இங்க இருந்ததே இல்ல. எனக்கு அவரத் தெரியவே தெரியாது."

"யாரை?" என்றாள் மிர்த்தோ.

"அதான் தெரியாதுன்னு சொல்றனே."

"உக்காருடி" என்றாள் லெமோனியா.

அதற்குள் படியில் கனமான காலடிகள். பழைய வெல்டர்கள் மூன்று பேர், கையில் வீட்டில் காய்ச்சிய சாராயத்தோடு. நனைந்த சட்டையை உதறினார்கள். மூத்தவர் மிர்த்தோவைப் பார்த்து, "உறவுக்காரப் பொண்ணா? நூறு வருஷம் இருக்கட்டும் உங்க ஆளு" என்று கை கொடுத்தார். மிர்த்தோவும் கை கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்?

"மதினி, அவனக் காணோமே" என்றான் இன்னொருவன். "அப்ப நெசந்தானா? லூக்காஸ் பட்டறைல ஒருத்தன் இருமிக்கிட்டுக் கெடக்கான்னாங்க. நான் நம்பல. பேர் நாளும் அதுவுமா எவன் வீட்ட விட்டுட்டுப் போய் தகரக் கொட்டாய்ல படுப்பான்னேன்."

மூன்றாமவன் அவன் காலை மிதித்தான். தாமதமாக மிதித்தான்.

மிர்த்தோ பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. லெமோனியா குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தாள். பதினைந்தாம் தேதி. வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் சமாளிக்கலாம். பழைய புருஷன், பழைய நண்பர்கள், பழக்கதோஷத்தில் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் இந்தப் பெண் நம்பக்கூடும், நம்பாவிட்டாலும் எழுதிக்கொள்ளக்கூடும். அவள் முகத்தைப் பார்த்தால் கெட்டவளாகத் தெரியவில்லை.

ஆனால் வந்தவர்களுக்கு இன்னும் ஒரு கரண்டிப் பாகுகூட வைக்கவில்லை. கொண்டாட வேண்டியவன் தகரத்துக்குக் கீழே இருமிக்கொண்டிருந்தான்.

"போய்க் கூட்டிட்டு வாங்க அவன" என்றாள்.

"மதினி, இந்த அம்மா..."

"இந்த அம்மாவும் வந்தவங்கதான். ஸ்தமாத்தா, தட்ட எடு. எல்லாருக்கும் பாகு வை. அவங்களுக்கு ரெண்டு கரண்டி."

"நான் வேலைல இருக்கேன்மா" என்றாள் மிர்த்தோ.

"பாகுதானே, சாராயமா?"

கால்மணி நேரத்தில் ஆர்கிரிஸ் வந்தான். முகம் மழித்திருந்தான், கன்னத்தில் ஒரு வெட்டு. இரண்டு வருடமாகச் சாவி போட்டுத் திறந்த கதவைத் தட்டிவிட்டு நின்றான். கோப்பு வைத்திருந்த பெண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றுகொண்டான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றான். "விருந்தாளியா."

"பொய் சொல்லாத" என்றாள் லெமோனியா. "தன் பேர் நாளுக்குத் தானே விருந்தாளியா வர்றவன் உண்டா? செருப்பு கட்டிலுக்கடியில சாக்குல இருக்கு. எடுத்துப் போட்டுக்க. தரை ஜில்லுன்னு இருக்கு."

அவன் போட்டுக்கொண்டான். ஸ்தமாத்தா அழுதாள். அவள் எதற்கும் அழுவாள்.

எல்லோரும் போனபின் மிர்த்தோ மட்டும் இருந்தாள். இரண்டு கரண்டிப் பாகையும் சாப்பிட்டிருந்தாள். பழைய விண்ணப்பத்தை ரத்து செய்தாக வேண்டும் என்று சொன்னாள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அவனை ஏன் சேர்க்கவில்லை என்று லெமோனியா சொன்னதும், ஆந்த்ரோஸ் வீட்டின் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"முழுசா உங்க பேர்ல இருக்கே. ஒரே பிள்ளையா நீங்க?"

"அஞ்சு பேரு" என்றான் ஆர்கிரிஸ். "நான் மூத்தவன். அப்பா போனப்ப வரி காகிதத்துல எல்லாத்தையும் என் பேர்லயே எழுதிட்டேன். ஒருத்தன் கப்பல்ல, ஒருத்தி மெல்போர்ன்ல. அவங்க தலைல எதுக்கு வரி விழணும்?"

லெமோனியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குச் சொல்லவே இல்லையே நீ."

"சொல்லியிருந்தா திட்டியிருப்ப."

"இப்பவும் திட்டுவேன். அவங்க போகட்டும்."

"அஞ்சுல ஒரு பங்குதான் உங்களோடதுன்னு திருத்திக் குடுங்க" என்றாள் மிர்த்தோ. "இடிஞ்ச வீடுன்னும் எழுதுங்க, அதான் உண்மை. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து போடுங்க. வரம்புக்குள்ள வரும்னு நினைக்கிறேன். ஆனா இந்த மாசம் வராதும்மா. அடுத்த மாசமும் வராது."

"தெரியும்" என்றாள் லெமோனியா. குடையை எடுத்து உதறி அவள் கையில் கொடுத்தாள்.

பதினாறாம் தேதி மின்சாரம் போனது. ஸ்தமாத்தாவின் பால்கனியிலிருந்து தெருவுக்கு மேலே ஒரு கம்பி வந்தது. ஒரு விளக்கும் குளிர்பெட்டியும் அதில் ஓடின, இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஸ்தமாத்தா வீட்டில் தொலைக்காட்சி அணைந்தது. அவள் பால்கனியில் வந்து நின்று திட்டுவாள், இவர்கள் விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். டிசம்பர் முழுக்க ஆர்கிரிஸ் தம்பி தங்கைகளோடு தொலைபேசியில் கத்தினான். மெல்போர்ன் தங்கை தன் பங்கு அத்திமரத்தை யாரும் வெட்டக் கூடாது என்றாள்.

ஜனவரியில் இருவரும் நகராட்சி அலுவலகத்தில் மிர்த்தோவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். அவள் கணினியில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒரு கட்டத்தில் கை நின்றது.

"இவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேக்குது. கணவர்னு போட முடியாது."

"விருந்தாளின்னு போடு."

"சரி. அதுக்குக் கீழ இன்னொரு கேள்வி. எவ்வளவு நாளைக்கு?"

லெமோனியா திரும்பினாள். ஆர்கிரிஸ் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த அறிவிப்பைக் கவனமாகப் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தான். அது கர்ப்பிணிகளுக்கான அறிவிப்பு.

"ஒரு வாரம்" என்றாள் லெமோனியா.

"ஒரு வாரம்னு போட்டா ஏறாதும்மா. நிரந்தரமா இருக்கணும்."

"அப்ப நீயே பாத்துப் போடும்மா. அவன் சொன்ன ஒரு வாரமே எனக்கு இன்னும் முடியல."

மிர்த்தோ ஏதோ ஒன்றைத் தட்டினாள். கொஞ்ச நேரம் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டது, வீட்டில் இரண்டு பேர் என்று வந்தது.