இடது என்று போட்ட படம்

ஸ்கேன் எடுக்கப் படிக்கிற பிள்ளைகளுக்குப் படுத்துக் காட்ட ஆள் வேண்டும். வெளியிலிருந்து யார் வருவார்கள்? வீட்டு ஆட்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். அப்படிப் படிக்கிறவள்தான் அவள்; அவள் வீட்டில் மாட்டியது அண்ணி. அண்ணனைக் கேட்டதற்கு, "என் வயித்துல என்ன இருக்குன்னு எனக்கே தெரியும், சோறுதான்" என்று நழுவிவிட்டான்.

காலையில் டீ கூடக் குடிக்காமல் வந்து படுத்தாள் அண்ணி. பயிற்சி அறையில் வரிசையாகக் கட்டில்கள், நடுநடுவே திரை. வயிற்றில் ஜெல் பட்டதும், "ஏன்டி, இதை ஃப்ரிட்ஜ்லயா வெச்சிருந்தே?" என்று நெளிந்தாள்.

கல்லீரல், பித்தப்பை, வலது சிறுநீரகம் எல்லாம் சமர்த்தாக வந்தன. இடது பக்கம்தான் பாடாய்ப் படுத்தியது. சிறுநீரகம் என்றால் ஓரம் சாம்பலாகவும் நடு வெள்ளையாகவும் தெரிய வேண்டும். இங்கே நடுவில் கறுப்பாகக் குளம் கட்டி நின்றது. அண்ணியை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். கறுப்பு போகவில்லை.

கறுப்பு என்றால் தண்ணீர். அது அவளுக்குத் தெரியாதா என்ன? அப்போதே சொல்லித்தருகிற மேடத்தைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் சேர்ந்த புதிதில், கூடப் படிக்கிறவளின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, "மேடம், பெரிய நீர்க்கட்டி" என்று ஊரைக் கூட்டியவள் இவள். மேடம் ஓடிவந்து பார்த்து, "அது மூத்திரப்பைம்மா. அந்தப் பொண்ணை முதல்ல பாத்ரூமுக்கு அனுப்பு" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து இவள் பெயரே நீர்க்கட்டி. மறுபடியும் மானம் போக வேண்டுமா? தன் கைதான் கோணல் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு செய்தது பாருங்கள், அதுதான் பெரிய பாவம். வலது பக்கத்தையே இன்னொரு தடவை எடுத்தாள். வலது பக்கம் ஒட்டியிருக்கும் கல்லீரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று, அது தெரியாதபடி பெரிதாக்கி, மேலே 'இடது' என்று போட்டாள். இடது பக்கம் சிக்காத பிள்ளைகள் செய்கிற தில்லுமுல்லுதான் இது. மேடம் திரையை விலக்கி வந்து, "பரவாயில்லையே, கை படிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"எல்லாம் நல்லா இருக்கா?" என்றாள் அண்ணி. படிக்கிறவர்கள் அதற்குப் பதில் சொல்லக் கூடாது, முதல் நாளே சொல்லித்தருவார்கள்.

"சூப்பரா இருக்கு, அண்ணி."

அந்த வார்த்தையை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இடது விலாவுக்குக் கீழே வலித்தபோதெல்லாம் தைலம் தேய்த்துச் சமாளித்தாள். டாக்டரிடம் போகலாம் என்று அண்ணன் தலைபாடாக அடித்துக்கொண்டான். "என் நாத்தனாரே மெஷின்ல பார்த்துட்டா, நீங்க சும்மா இருங்க" என்று அவன் வாயை அடைத்தாள். "எதுக்கும் போய்ப் பாருங்க, அண்ணி" என்று இவளும் முனகத்தான் செய்தாள். எதற்கு என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணி போயிருப்பாள்.

காய்ச்சல் கொதித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இடது சிறுநீரகம் செத்துப்போயிருந்தது. கல் ஒன்று வழியை அடைத்து, தண்ணீர் உள்ளேயே தேங்கி, சீழ் பிடித்துவிட்டது. "சில மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். இனி எடுத்தே ஆகணும்" என்றார் டாக்டர்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன்னால் அண்ணி அவளைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஏன்டி மூஞ்சி இப்படித் தொங்கிப்போச்சு? நீ பார்த்தப்போ நல்லாதானே இருந்துச்சு. அப்புறமா வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே?"

அவள் எப்படியோ சொல்லிவிட்டாள். "அண்ணி, அன்னைக்கு நான் எடுத்த படம் ரெண்டுமே வலது பக்கம்."

அண்ணி அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "வலது பக்கம் நல்லா இருக்குன்னு டாக்டரும்தான் சொன்னார். நீ சரியாதான் பார்த்திருக்கே."

ஸ்ட்ரெச்சர் தள்ள வந்த நர்ஸிடம், "என் நாத்தனார். ஸ்கேனுக்குப் படிக்கிறா" என்று பெருமையாகச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை.