பயிற்சி அளித்தவர் கையொப்பம்

கைபேசியில் வந்த ஒரு விளம்பரத்தில் தன் பெயரையும் நம்பரையும் நிரப்பி அனுப்பியதுதான் சண்முகவள்ளி செய்த முதல் தப்பு. ‘மருத்துவ உதவியாளர் டிப்ளமோ, குறைந்த கட்டணம், நிறைந்த தரம்’ என்று போட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொடங்கிய அழைப்புகள் பத்து நாள் ஓயவில்லை. சோற்றில் கை வைத்தால் ஒரு அழைப்பு, நோயாளிக்கு ஊசி போடும்போது ஒரு அழைப்பு. எல்லாரும் வாய் நிறைய ‘மேடம்’ என்றார்கள். பிறந்து முப்பத்துநாலு வருஷத்தில் அவளை யாரும் இப்படிக் கொண்டாடியதில்லை.

ஒரு பெண் சொன்னாள்: “நீங்க காலேஜுக்கு வரவே வேணாம் மேடம். பணத்தக் கட்டிட்டு ரெண்டு போட்டோ அனுப்புங்க. மூணு மாசத்துல சர்டிபிகேட் வீட்டுக்கே வந்துரும்.”

“அப்ப யாரு சொல்லித் தருவா?”

“எதை மேடம்?”

வள்ளி போனை வைத்துவிட்டாள். படிப்பை விற்கிறவளுக்கே அதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அதற்கு மேல் பேசி என்ன ஆகப்போகிறது?

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டாக்டர் முத்துகிருஷ்ணனின் கிளினிக்கில் அவளுக்கு இது பதினோராவது வருஷம். டோக்கன் கொடுப்பது, பிரஷர் பார்ப்பது, கட்டுப் போடுவது, ஊசி போடுவது, ஈசிஜி எடுப்பது எல்லாம் அவள்தான். சுற்றுப்பட்டி கிராமங்களுக்கு அவள் நர்ஸம்மா. காகிதத்தில் அவள் வெறும் பிளஸ் டூ. இத்தனை நாள் அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. இப்போது கிளினிக்கின் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வேலை பார்ப்பவர்களின் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று வந்துவிட்டது.

“ஒரு வருஷத்துல ஏதாவது ஒரு டிப்ளமோ வாங்கிரு வள்ளி,” என்றார் டாக்டர். “இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும். எனக்கும் வேற வழியில்ல.”

‘ஏதாவது ஒரு’ என்று அவர் சொன்னதுதான் அவளுக்கு ஆகவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் இல்லை. எட்டாவது படிக்கும் மகளை வைத்துக்கொண்டு, புருஷன் சோணைமுத்துவின் மிளகாய்க் காட்டையும் வானத்தையும் மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. ஆனால் பயத்துக்கு மேலே இன்னொன்று இருந்தது. அவளுக்கு ஈசிஜி எடுக்கத் தெரியும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டு வியாபாரத்துக்கு வந்த புதுமடத்து வாவு முகம்மது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளினிக் படியேறினார். டாக்டர் மதுரையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வள்ளி ஈசிஜி எடுத்து, படம் பிடித்து, அவருக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாள். “என்னம்மா எழுதிருக்கு அதுல?” என்று பாய் இரண்டு முறை கேட்டார். “டாக்டர் பாத்துச் சொல்லுவாரு பாய்” என்று இரண்டு முறையும் சொன்னாள். டாக்டர் பார்ப்பதற்கு ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அவர் சொல்லி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் பாய் இறந்துபோனார். அந்த ஐம்பது நிமிஷமும் பதில் அவள் மடியில்தான் கிடந்தது. படிக்கத் தெரியாதவள் கையில் கிடைத்த தந்தி மாதிரி அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோமே என்பதை அவளால் இன்றுவரை சீரணிக்க முடியவில்லை.

இதெல்லாம் சோணைமுத்துவுக்குத் தெரியும். ஆனாலும் அவன் கணக்கு வேறு.

“சீல் வச்ச காயிதந்தான கேக்குறாக? எங்கன வாங்குனா என்ன?”

“காயிதம் மட்டும் போதும்னா அச்சாபீசுலயே அடிச்சுக்கிறலாமே. எனக்குப் படிக்கணும்.”

படிக்க வேண்டும் என்று கிளம்பிய பிறகுதான் எத்தனை கதவு சாத்தியிருக்கிறது என்று தெரிந்தது. அரசாங்கப் படிப்புக்குக் கட்டணம் கொஞ்சம்தான், ஆனால் அவளுக்கு வயது தாண்டிவிட்டது. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரிக்குப் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் பலகையில் ஈசிஜியின் மேடு பள்ளக் கோட்டைப் பெரிதாக வரைந்து, விரலை வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். வள்ளிக்கு உள்ளே போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. இரண்டு வருஷம், தினமும் வர வேண்டும், விடுதியோடு சேர்த்து இரண்டரை லட்சம் என்றார்கள். தரம் இருக்கிற இடத்தில் தன்னால் நிற்க முடியாது, தன்னால் நிற்க முடிகிற இடத்தில் தரம் இல்லை என்ற எரிச்சலோடு பஸ் ஏறினாள். திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு. அதைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது பரமக்குடியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த பயிற்சி நிலையம். சனி, ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் பிராக்டிகல். ஒரு வருஷத்துக்கு அறுபதாயிரம். அலுவலகப் பொறுப்பில் இருந்த மாலதி என்ற பெண் நன்றாகச் சிரித்தாள்.

“ஈசிஜி பாக்கச் சொல்லித் தருவீங்களா? எடுக்க இல்ல, பாக்க.”

“சிலபஸ்ல எல்லாமே இருக்கு மேடம். பிராக்டிகல்ல அனுபவசாலிங்க பக்கத்துலயே நின்னு சொல்லித் தருவாங்க.”

அது போதும் என்று வள்ளி நினைத்தாள். கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. விண்ணப்பத்தில் ‘தற்போது பணிபுரியும் இடம்’ என்று ஒரு வரி இருந்தது. வெறும் பிளஸ் டூ என்று நினைத்துவிடப் போகிறார்களே என்ற ரோஷத்தில், டாக்டர் பெயர், அவர் நம்பர், தான் பார்க்கும் வேலைகள் அத்தனையும் இடமில்லாத இடத்திலெல்லாம் நெருக்கி எழுதினாள். மாலதி அதை ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்தாள். “முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஆஸ்பத்திரியே இல்ல மேடம்,” என்று சொல்லிக்கொண்டே நம்பரைத் தனியாக ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். அதில் என்ன இருக்கிறது என்று வள்ளிக்கு அப்போது தோன்றவில்லை.

வகுப்பு என்று ஒன்று நடந்தது. யாரோ எழுதிய குறிப்பை ஒருவர் வாசிப்பார், முப்பது பேர் எழுதுவார்கள். ஈசிஜி பாடம் வந்த அன்று வள்ளி முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இதயத்துக்கு நான்கு அறைகள் என்பதோடு நிறுத்திவிட்டு அவர் புத்தகத்தை மூடினார். “மீதிய உங்க பிராக்டிகல்ல பாத்துக்கங்க.” அவருக்கும் தெரியாது என்பது அவர் மூடிய வேகத்திலேயே தெரிந்தது.

மூன்றாம் மாதம் பிராக்டிகல் பட்டியல் ஒட்டினார்கள். ராமநாதபுரத்தில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி கிடைத்தால் விடிகாலை பஸ்ஸைப் பிடித்தாவது போய்விடலாம் என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஏழு பேர் கொண்ட ஒரு குழுவில் அவள் பெயர் ஏழாவது. மேலே தடித்த எழுத்தில் ‘டாக்டர் முத்துகிருஷ்ணன் கிளினிக், முதுகுளத்தூர்’ என்று போட்டிருந்தது.

திங்கட்கிழமை அவள் கிளினிக்கைத் திறந்து கூட்டிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோட்டுப் போட்ட ஆறு பிள்ளைகள் வந்து வாசலில் நின்றார்கள். டாக்டர் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வள்ளியைக் கூப்பிட்டார்.

“இந்தப் பிள்ளைகளுக்கு நீயே எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துரு. நோட்டுல பயிற்சி அளித்தவர்னு ஒரு எடம் இருக்கும், கையெழுத்தும் நீயே போட்டுரு.”

“சார், நானும் அந்த நோட்டுல ஒரு ஆளு.”

“அதனால என்ன? ஒனக்கும் நீயே போட்டுக்க.”

வெளியே வந்து மாலதிக்குப் போன் போட்டாள். “அனுபவசாலிங்க சொல்லித் தருவாங்கன்னு சொன்னீகளே?”

“உங்கள விட அனுபவம் யாருக்கு மேடம் இருக்கு?” மாலதி சிரிப்பு மாறாமல் சொன்னாள். “டாக்டரும் சந்தோஷமாத்தான் ஒத்துக்கிட்டாரு. மாசம் ஒரு ஸ்டூடண்டுக்கு ரெண்டாயிரம் அவருக்குக் குடுக்குறோமே.”

தன் தலைக்கும் சேர்த்து மாசம் பதினாலாயிரம். தான் கட்டிய பணத்தில் ஒரு பங்கு, தனக்குத் தானே சொல்லிக் கொடுப்பதற்காக, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது. வள்ளிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. விண்ணப்பத்தில் நெருக்கி நெருக்கி எழுதிய தன் கையை நொந்துகொண்டாள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தாள். ரசீதின் பின்பக்கத்தை வாசிக்கச் சொன்னாள் மாலதி.

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள். பிரஷர் பார்க்க, கட்டுப் போட, நரம்பு பிடிக்க. ஆறு பிள்ளைகளும் கெட்டிக்காரப் பிள்ளைகள். அவர்கள் மேல் கோபப்பட முடியவில்லை, அவர்கள் வீட்டிலும் ஏதோ ஒரு சங்கிலி அடகுக்குப் போயிருக்கும். எட்டாம் நாள் காலை, டோக்கனுக்கு முன்னாலேயே வந்த ஒரு பெரியவருக்கு ஈசிஜி எடுத்துக் காட்டினாள். டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்று அவரை அனுப்பிவிட்டார். யும்னா என்ற பெண் அந்த நீளக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, இதுல என்னக்கா எழுதிருக்கு?”

டாக்டர் பார்த்துச் சொல்லுவார் என்று வாய்வரை வந்துவிட்டது. வள்ளி அதை விழுங்கினாள். இந்த ஆறு பேரும் நாளைக்கு ஆறு ஊரில் ஆறு கிளினிக்கில் உட்கார்ந்து அதே பதிலைச் சொல்லப் போகிறார்கள், அதற்குக் கீழே தன் கையெழுத்து இருக்கப் போகிறது. காகிதத்தை வாங்கிக்கொண்டு, ஏழு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள். நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினொரு வருஷத்தில் அந்த நாற்காலியை அவள் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை.

“என்ன வள்ளி, வெளிய ஆளுங்க நிக்குறாங்கல்ல?”

“டோக்கன் நாந்தான சார் குடுக்கணும். இன்னும் குடுக்கல.” காகிதத்தை மேசையில் விரித்தாள். “அறுவதாயிரம் கட்டிருக்கேன் சார். எங்க ஏழு பேருக்கும் நீங்க மாசாமாசம் வாங்குறீக. இதப் படிக்கச் சொல்லிக் குடுங்க. பயிற்சி அளித்தவர்னு ஒங்க பேரப் போடுறேன்.”

டாக்டரின் முகம் சிவந்தது. பிள்ளைகளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார்.

“இந்தா பாரு, இது நேரா ஓடுற கோடு. இந்தக் கூர்மையான மேடு ஏறி எறங்குனதும் மறுபடி இந்த நேர்கோட்டுக்கு வந்துரணும். வராம இப்படித் தூக்குனமேனிக்கே நின்னுச்சுன்னா, பக்கத்துப் பக்கத்து லீடு வரஞ்ச கோட்டுலயும் அப்படியே இருந்துச்சுன்னா, ரத்தக்குழாய் அடைச்சிருக்கலாம்.” காகிதத்தின் ஓரத்தில் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று என்று வரைந்து காட்டினார். “அப்படி இருந்தா எனக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே நூத்தியெட்டக் கூப்புட்டு அனுப்பிரணும். கோடு நல்லா இருந்தும் ஆளுக்கு வலி இருந்தாலும் அனுப்பிரணும். இது எல்லாத்தையும் காட்டாது.”

பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். வள்ளி எழுதவில்லை. கெட்டது என்று அவர் வரைந்ததை எங்கே பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் இருந்த கடிகாரத்தில் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

“இம்புட்டுத்தானா சார்?”

“ஆழமாப் போனா நெறைய இருக்கு. ஒனக்கு வேண்டியது இம்புட்டுத்தான்.”

“இத ஏன் சார் இம்புட்டு வருஷமா எங்கிட்டச் சொல்லல?”

டாக்டர் உண்மையாகவே யோசித்தார். “நீ ஒருநாளும் கேக்கலயேம்மா,” என்றார்.

அவள் கேட்கவில்லைதான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள் காலையில்கூடக் கேட்கவில்லை. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனிடம் வாயைத் திறக்க, சங்கிலியை அடகு வைத்து ஒரு ரசீது வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. படிப்பு என்று அவள் வாங்கியது அந்தத் தைரியத்தை மட்டும்தான். அவர் மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பி அவள் மேலேயே விழுந்தது. பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் ஏழிலும் கையெழுத்துப் போட்டார்.

“நாளைக்கும் இதே நேரத்துக்கு வாரோம் சார்,” என்று சொல்லிவிட்டு, டோக்கன் கொடுக்க வெளியே போனாள்.