மூன்று டப்பா குளிர்

“ஏசியில கேஸ் கம்மியா இருக்குன்னு எத்தன தடவ சொல்றது? இன்னொரு டப்பா ஏத்தினா ஐஸ்பெட்டி மாதிரி ஆயிடும்!”

“முள்ளு செவப்புல நிக்குதுடா. கண்ணு இருக்கா, இல்ல அதையும் ஹூஸ்டன்லயே வச்சிட்டு வந்துட்டியா?”

“கடையில விக்கிற மலிவு மீட்டரு, அது அப்படித்தான் காட்டும்.”

“மீட்டர் பொய், நான் பொய். நீ மட்டும் போப்பாண்டவர்.”

அப்பாவை அடக்கம் செய்யப் புறப்பட வேண்டிய நேரத்தில், டெரல் கோட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, பழைய நீலக் காரின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தான். அவன் அக்கா லொரெட்டா கறுப்புக் கவுனோடு மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலைப் பூசை முடிந்து வந்திருந்த அக்கம்பக்கத்தார் நாங்கள் ஆளுக்கொரு தட்டில் கோழியை வைத்துக்கொண்டு அங்கங்கே நின்றோம். துக்க வீட்டில் காதைப் பொத்திக்கொள்ள முடியுமா?

தெருவோரத்தில் சவ வண்டி எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தது. அதன் ஏசி பிரமாதம். வில்மர் ஜோலிவெட் எழுபத்தொன்பது வருஷத்தில் அனுபவிக்காத குளிரில் படுத்திருந்தார்.

அவர் மனைவி அர்லீன் ஏற்கெனவே நீலக் காரின் முன்சீட்டில் ஏறி, பெல்ட் போட்டு, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். வெளியே தொண்ணூற்றேழு டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. போன மாதம்தான் கோயில் முற்றத்தில் வெயிலில் மயங்கி விழுந்தவள். இதயம் பலவீனம், சூடு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடும்பக் கல்லறையோ லூசியானாவில், லாட்டெல் ஊரில். எங்கள் ஊர் போர்ட் ஆர்தரிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

“அம்மா, என் கார்ல வாம்மா. புது வண்டி. சீட்டு கூட குளிரும்” என்று டெரல் நாலாவது தடவையாகச் சொன்னான்.

“நல்லது. நீ அதுல குளுகுளுன்னு வா” என்றாள் அர்லீன்.

“இந்த வண்டியிலதான் போவேன்னு அப்படி என்ன பிடிவாதம்?”

லொரெட்டா உள்ளே போய், ஃப்ரீசரில் இருந்த வெண்டைக்காய்ப் பொட்டலத்தை எடுத்துவந்து அம்மாவின் பின்கழுத்தில் வைத்தாள். சாயங்காலக் கம்போ குழம்புக்கு வைத்திருந்த வெண்டைக்காய் அது. அதைப் பிடித்தபடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபோதுதான் அர்லீன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இதை லொரெட்டா பிற்பாடு எங்களில் ஒருத்தியிடம் சொன்னாள். அதற்குமேல் அது பரவ எவ்வளவு நேரமாகும்?

“செவ்வாக்கிழம நானும் அவரும் கடைக்குப் போனோம். இது காரா, ரொட்டி சுடுற அடுப்பான்னு கேட்டேன். இத சரி பண்ற வரைக்கும் என்கிட்ட பேசாதன்னு சொன்னேன்.”

“சரிம்மா.”

“சொன்ன பேச்ச கேக்காத மனுஷன். அத மட்டும் கேட்டாரு.”

லொரெட்டா பொட்டலத்தைத் திருப்பி, குளிர்ந்த பக்கத்தை வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் வில்மர் காரை ஓடவிட்டு, கதவைத் திறந்து, காற்று வரும் ஓட்டையில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, பக்கத்திலேயே மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் போனவர்கள் எல்லாரும் கையாட்டினோம். அவர் திருப்பி ஆட்டவில்லை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஃபோர்மனாக இருந்த திமிர் இன்னும் போகவில்லை என்று பேசிக்கொண்டோம். பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்ற பிறகுதான் அர்லீன் வெளியே வந்து பார்த்தாள். அதற்குள் உயிர் போயிருந்தது.

லொரெட்டா காரிலிருந்து இறங்கி பானட்டருகே போனாள். குரல் இறங்கியிருந்தது.

“டெரல், இதுக்கு முன்னாடி நீ இதுல கேஸ் ஏத்தியிருக்கியா?”

அவன் ஒரு துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

“ஈஸ்டருக்கு வந்தப்ப ஒரு டப்பா.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா தொட விடுவாரா? மத்தியானம் தூங்குறப்ப ஏத்தினேன். ஏன் கேக்குற?”

“ஜூன்ல நான் ஒண்ணு ஏத்தினேன். அவர் முடி வெட்டப் போயிருந்தப்ப.”

சவ வண்டியில் சாய்ந்து நின்ற ஓட்டுநர் லெனர்ட் தொண்டையைக் கனைத்தான். ஐம்பது வயது, கல்யாணமாகாதவன், அளவுக்கு மீறிப் பளபளக்கும் ஷூ.

“அர்லீன் அம்மா மயங்கி விழுந்தாங்கல்ல... அடுத்த ஞாயித்துக்கிழம நானும் ஒண்ணு ஏத்தினேங்க. பூச நடக்குறப்ப. சாவிய எப்பவும் வெயில்தடுப்புலதான செருகி வைப்பாரு.”

“நீ எதுக்கு எங்க வண்டியத் தொட்ட?” என்றான் டெரல்.

லெனர்ட் லொரெட்டாவைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம்.

முதல் டப்பா வண்டிக்குத் தேவைப்பட்டிருக்கலாம். மற்ற இரண்டும் பாசம். கேஸ் அளவுக்கு மிஞ்சினால் ஏசிக்கு மூச்சு முட்டும். குளிர் வராது, அனல்தான் வரும். ஆலையில் முப்பது வருஷம் குழாயும் அழுத்தமும் பார்த்த மனுஷருக்கு இது தெரியாததல்ல. ஆனால் தன் வண்டியில் தானே ஏற்றாத கேஸ் இருக்கும் என்று எப்படி நினைப்பார்?

மூவரும் மீட்டரையே பார்த்தார்கள். கராஜ் சுவரில் சாத்தியிருந்த மடக்கு நாற்காலியின் பக்கம் யார் கண்ணும் போகவில்லை.

லொரெட்டா தோட்டக் குழாயை இழுத்துவந்து காரின் முன் கிரில் மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள். அவள் கவுன் நனைந்தது. ஒரு நிமிஷம் போயிருக்கும்.

“அம்மா, காத்து எப்படி வருது?”

“வருது. கொஞ்சம் ஜில்லுன்னுதான்.”

குழாயை மூடியதும் மறுபடி அனல்.

“சூட்ட வெளிய தள்ள முடியல, அவ்வளவுதான்” என்றான் லெனர்ட். “வண்டி ஓடினா முன்காத்து அடிச்சு தாக்குப்பிடிக்கும். நின்னாத்தான் வம்பு.”

“அப்ப மிஞ்சின கேஸ இப்பவே திறந்து விட்டுடலாம்.” டெரல் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். லொரெட்டா அவன் புறங்கையில் ஒன்று வைத்தாள்.

“அத மெஷின்ல உறிஞ்சித்தான் எடுக்கணும். வெளிய விட்டா சட்டப்படி குத்தம். அதோட எவ்வளவு போச்சுன்னு உனக்குத் தெரியுமா? இன்னிக்கி சனிக்கிழம, கராஜ் எல்லாம் பூட்டு.”

“அப்ப என்னதான் பண்றது?”

“நிக்காம போறது.”

“அக்கா, சவ ஊர்வலம் மெதுவாத்தான் போகும்!”

லெனர்ட் தொப்பியைத் தலையில் வைத்தான். “இருவத்தாறு வருஷமா மெதுவாத்தான் போறேன். ஒருத்தராவது நல்லா இருந்துச்சுன்னு வந்து சொன்னதில்ல. ஏறுங்க.”

வில்மர் வாழ்நாளில் மணிக்கு ஐம்பது மைலைத் தாண்டி ஓட்டியவர் அல்ல. கடைசிப் பயணத்தில் எழுபத்தைந்தில் போனார். பின்னால் லொரெட்டா நீலக் காரை ஓட்ட, அதற்குப் பின்னால் டெரல், அவன் வண்டியில் இடம் கிடைத்த நாங்கள் மூன்று பேர். சவ வண்டியைக் கண்டால் ஓரம் கட்டித் தொப்பியை எடுப்பது வழக்கம். அன்று எதிரே வந்தவர்கள் தொப்பியை எடுப்பதற்குள் நாங்கள் போய்விட்டோம்.

லேக் சார்ல்ஸ் பாலத்தில் மட்டும் நெரிசல். பன்னிரண்டு நிமிஷம் அசையவில்லை. லொரெட்டா பக்கத்தில் பார்த்தாள். அம்மாவின் உதடு வெளுத்திருந்தது. விரலைப் பிடித்து நாடியை எண்ணினாள், எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

“டெரல் வண்டிக்கு மாறிக்கம்மா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“யார் சொல்றாங்கன்னு நான் பாக்கல” என்றாள் அர்லீன்.

அப்போது டெரல் குளிர்பானப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். பாலத்தின் நடுவே, மறுபடி மாட்டிய கறுப்பு கோட்டோடு, காரின் முன்னால் குனிந்து, ஐஸ் தண்ணீரைக் கை கையாக அள்ளிக் கிரில் மேல் ஊற்றினான். ஹாரன்கள் அலறின. சோடா டப்பாக்கள் ரோட்டில் உருண்டன. தண்ணீர் தீருவதற்குள் வண்டிகள் நகர்ந்தன. அர்லீன் கண்ணை மூடிக்கொண்டு காற்றில் முகத்தைக் காட்டினாள்.

லாட்டெலில் அவள் யார் தோளையும் பிடிக்காமல் குழிவரைக்கும் நடந்தாள். பாதிரியார் எதிர்பார்த்ததைவிட நாற்பது நிமிஷம் முன்னதாகவே நாங்கள் போய்ச் சேர்ந்திருந்ததால், அங்கிக்குப் பித்தான் போட்டுக்கொண்டே வந்தார்.

டெரல் அந்த வருஷமே கொலராடோவுக்கு மாறிப் போனான். பனி பெய்கிற ஊர். லெனர்ட் அடுத்த மார்ச்சில் லொரெட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணத்துக்கு வேறு வண்டிதான் பிடித்தார்கள், விசாரித்துவிட்டோம். அர்லீன் வீட்டை விற்றுவிட்டு லாட்டெலில் தங்கச்சியோடு போய் இருக்கிறாள். நீலக் காரும் கூடப் போயிற்று. அங்கே ஒரு கராஜில் மிஞ்சின கேஸை உறிஞ்சி எடுத்தார்கள். இப்போது நின்றாலும் குளிர்கிறதாம்.

மாதத்துக்கு ஒரு தடவை லொரெட்டா போய் அம்மாவை அந்த வண்டியில் கல்லறைக்கு அழைத்துப் போவாள். அர்லீன் இறங்குவதில்லை. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, லொரெட்டா மட்டும் பூவோடு போய் வருவாள். அவள் திரும்பி வந்து கதவைத் திறக்கும்போது காற்று வரும் ஓட்டைகள் எல்லாம், வில்மர் எப்போதும் உட்கார்ந்த ஓட்டுநர் சீட்டின் பக்கம் திருப்பப்பட்டிருக்கும். அம்மாவின் மேலுதட்டில் வியர்வை. சீட்டு ஜில்லென்றிருக்கும். லொரெட்டா ஏறி உட்கார்ந்து, எதையும் தொடாமல், வண்டியைப் பின்னால் எடுப்பாள்.