ஏற மறுத்த வோல்டேஜ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. இந்தக் கதை பெருமையில் பிறந்தது. என் மருமகள் ஒருவரைப் பார்த்து "முடியாது" என்று சொன்னாள். அதை ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டும் என்று எனக்கு ஆசை. வாயால் சொன்னால், கிழவி பீற்றிக்கொள்கிறாள் என்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுதில், மின்னல் வெட்ட..." (மழையும் இல்லை, மாலையும் இல்லை. சுள்ளென்று காலை வெயில். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "பட்டறை மேசையில் ஒரு நீல விளக்கு இருந்தது." இது நிஜம். இதையே வைத்துக்கொள்வோம்.

2

பட்டறை என்பது எங்கள் வீட்டின் முன்னறைதான். சாமான் செய்வது மருமகள். வாக்குக் கொடுப்பது என் மகன். (அவர்கள் குடித்தனமே இந்த ஒரு வரியில் அடக்கம்.)

விளக்கு ஒரு நர்ஸம்மாவுடையது. படகில் தீவு தீவாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தைகளை இந்த நீல வெளிச்சத்தில் கிடத்த வேண்டுமாம். படகில் இருப்பதோ பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. விளக்குக்குள் முப்பத்தாறு எல்.இ.டி. ஒரே சரமாகக் கோத்திருப்பதால், அது நூற்றிருபது வோல்ட் கேட்கிறது.

"அவ்வளவுதானே சிஸ்டர், ஏத்திக் குடுத்திடலாம்" என்று சொல்லிவிட்டான் என் மகன்.

ஏற்றிக் கொடுக்கும் பெட்டிக்கு பூஸ்ட் கன்வெர்ட்டர் என்று பெயர்.*

* எனக்கு விளங்கியவரை: உள்ளே ஒரு கம்பிச்சுருள். அது கொஞ்சம் கரண்டை வாங்கி வைத்துக்கொண்டு, சுவிட்ச் திறந்ததும் பேட்டரியோடு சேர்ந்து உந்தித் தள்ளும். வாங்கும் நேரத்தைக் கூட்டக் கூட்ட, தள்ளும் உயரமும் கூடும். அப்படியானால் வானத்தையே தொடலாமே என்றேன். மருமகள் சிரித்தாள். "கணக்குல தொடலாம் அத்தை. கம்பியில தொட முடியாது."

3

சிஸ்டர் பெட்டியை வாங்க வந்தார். மகன் மீட்டரை வைத்துக் காட்டினான். நூற்றிருபது! அவன் முகத்தில் கல்யாணக் களை.

"பாத்தீங்களா? சொன்னா சொன்னதுதான்."

(முதல் பிரதியில் இவனை வில்லனாக்கியிருந்தேன். படித்துவிட்டு, "பெத்த புள்ளைய இப்படியாம்மா போடுவ?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். பாவம், மீட்டர் காட்டியதை அவன் மனதார நம்பினான். திருத்திவிட்டேன்.)

சிஸ்டர் கையை நீட்டினார். மருமகள் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"இருங்க. விளக்கை மாட்டாம பாத்தா மீட்டர் என்ன வேணா காட்டும்."

மாட்டினாள். நீலம் மின்மினி மாதிரி மினுக்கியது.

"பெட்டியில இருக்க குமிழத் திருகு" என்றான் மகன். திருகினாள். இன்னும் மங்கியது.

"ஏத்தச் சொன்னா எறக்குறியே!"

"ஏத்தத்தான் செய்றேன். சுருளத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"எல்லை தாண்டித் திருகினா, வாங்குறதெல்லாம் கம்பியிலயும் சுவிட்சுலயும் சூடாவே போயிடும். தள்றதுக்கு நேரமும் இருக்காது. நேத்தே சொன்னேன். பாத்துக்கலாம்னீங்க." பிறகு சிஸ்டரைப் பார்த்தாள். "நாலு மடங்கு, அஞ்சு மடங்குன்னா தைரியமாத் தருவேன். பத்து மடங்கு இந்த ஒத்தச் சுருளால முடியாது. வேற மாதிரி செய்யலாம், நாளாகும்."

"படகு மத்தியானம் கெளம்புதும்மா. அங்க ஒரு குழந்தை மஞ்சளாக் கெடக்கு."

அந்த "முடியாது" எப்படி ஒலித்தது என்றால், ஆழ்கடலில்... மலையுச்சியில்... (உவமை வேண்டாம். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மயிர்க்கூச்செறிந்தது.)

4

நான் ஆசைப்பட்ட முடிவு: சுருள் ஒருமுறை சிலிர்க்கிறது, விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. எழுதியும் வைத்தேன். மருமகள் படித்துவிட்டு, "அத்தை, கதையிலகூட ஏறாது" என்று அடித்துவிட்டாள்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

"ஏத்த முடியலன்னா, கேக்குறதக் கொறைக்கலாம்" என்றாள். "இந்தச் சரத்த ரெண்டு எடத்துல வெட்டி மூணு வரிசையாக்கினா நாப்பது வோல்ட் போதும். இந்தப் பெட்டியே தாராளமாத் தரும். ஒரு மணி நேர வேலை."

"வெட்டவா? எங்கிட்ட இருக்கறதே இது ஒண்ணுதான். கெட்டுப்போச்சுன்னா?"

"உள்ள இருக்கறது பழைய சர்க்யூட் பலகை. சூடா ஈயம் வைக்கும்போது கரண்டு ஓடுற செப்புக்கோடு பேந்து வரலாம். வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். கவனமாச் செய்வேன்."

மகன் வாயைத் திறந்தான். போச்சு, வாக்குக் கொடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். மூடிக்கொண்டான். (அவனைப் பற்றியும் பெருமைப்பட ஓர் இடம் கிடைத்தது பாருங்கள்.)

5

சிஸ்டர் விளக்கை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இந்தப் பொண்ண நம்பிக் குடுக்கலாமா?"

நான் என்ன சொன்னேன், பிறகு என்ன நடந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். விளக்கு எரிந்தது என்றால், எரிந்ததால்தான் அவள் கெட்டிக்காரி என்பீர்கள். எரியவில்லை என்றால் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்துபோவீர்கள். இரண்டும் எனக்குச் சம்மதமில்லை.

தவிர, நான் மாமியார், ஒரு கட்சிக்காரி. என் சொல் எடுபடாது. நீங்கள் வெளியாட்கள். அவள் விளக்கை மாட்டிக் காட்டியதைப் பார்த்தீர்கள். சத்தியம் பண்ண மறுத்ததையும் கேட்டீர்கள். படகு காத்திருக்கிறது. சிஸ்டர் இப்போது உங்களைத்தான் பார்க்கிறார்.

சொல்லுங்கள் கண்ணுகளா. கொடுக்கலாமா?