லீவு நாளில் யாரோடு

ஊர்மிளா டயகம பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை, தோழி தனுஜாவின் மகளுடைய பிறந்தநாளுக்குப் பூண்டுலோயா போய்வந்தாள். தனுஜாவும் முன்பு அதே ஒபிஸில் இருந்தவள்தான். மெனேஜரோடு சண்டை போட்டு வேலையை விட்டவள்.

திங்கட்கிழமை காலையில் மெனேஜர் கூப்பிட்டார். அவர் போனில், யாரோ பேஸ்புக்கில் போட்டிருந்த அந்தப் பிறந்தநாள் போட்டோ இருந்தது. அதில் தனுஜா பக்கத்தில் ஊர்மிளா.

"தனுஜாகிட்ட என்ன பேசினீங்க?"

"லீவு நாள்தானே சேர். சும்மா சிரிச்சிப் பேசிக்கிட்டு இருந்தோம்."

"நான் தப்புன்னு சொல்லலையே. போறது உங்க இஷ்டம். ஆனா யாரோட பழகுறோம்னு பார்த்துக்கணும்." சிரித்தபடியே பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினார்.

வெளியே வந்ததும், "ஏசினாரா?" என்று பியூன் வீரய்யா கேட்டார். "இல்ல, பிஸ்கட் தந்தாரு," என்றாள் ஊர்மிளா. அவர் ஏசவில்லை. பிறகு அது என்ன, புத்திமதியா, மிரட்டலா?

சாயங்காலம் தனுஜா போன் பண்ணி, அடுத்த ஞாயிறு றொசல்லையில் கோயில் திருவிழா, வா என்றாள்.

"யார் யார் வர்றாங்க?"

"நீ இப்படியெல்லாம் கேக்க மாட்டியே?"

ஊர்மிளா நடந்ததைச் சொன்னாள்.

"உன் வேலைக்குப் பிரச்சினைன்னா வராத," என்றாள் தனுஜா.

கோபத்தில் சொன்னாளா, அக்கறையில் சொன்னாளா? அதுவும் விளங்கவில்லை. ஆனாலும் ஞாயிறு காலையில் ஊர்மிளா பஸ் ஏறினாள். செய்வது சரிதானா என்று வழி நெடுக யோசித்துக்கொண்டே போனாள்.